வெள்ளிக்கிழமையை மாற்றிய கதை

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் சுவர்க் கலண்டர்கள் சுருட்டிக் கிடக்கின்றன. வருடம் பிறக்கும்போது கடைக்காரர்கள் கொடுப்பவைதான். எந்தச் சாமி, எந்த அருவி, எந்தக் குழந்தையின் படம் என்று நான் பார்ப்பதில்லை. எதில் நாட்களுக்கான கட்டங்கள் பெரிதாக இருக்கின்றனவோ அதை எடுத்துச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டிவிடுவேன். அலுவலகத்திலிருந்து வந்ததும் அன்றைய கட்டத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதுவேன். காலையில் வெயில், பின்னேரம் மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் அசையவில்லை. எதிர்வீட்டில் புதுக் கதிரை மேசைகள் வந்து இறங்கின. இவ்வளவுதான். வருடம் முடிந்ததும் கழற்றி, சுருட்டி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

"மத்தவங்க வீட்டுல கட்டிலுக்கடியில பெட்டி இருக்கும். நம்ம வீட்டுல வருஷம் கெடக்கு," என்பாள் மனைவி. கூட்டும்போது விளக்குமாறு அதில் இடிக்கும் ஒவ்வொரு முறையும் சொல்வாள். கண்டி மஹய்யாவையில் எங்கள் வீடு பெரிய வீடு அல்ல.

நான் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் இலிகிதர். கதை எழுதுவது என் பொழுதுபோக்கு. சில கதைகள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அலுவலகத்தில் அது அனேகருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கதை எழுதுகிறவனுக்கு மழைக் கணக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் என் முதல் கதைகளில் ஒன்றைப் பற்றிச் சொல்வேன். மகள் பரீட்சையில் சித்தியடைந்த சந்தோஷத்தில் ஒரு தகப்பன் கண்டி மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு குளக்கரை வழியாக நடந்து வீட்டுக்கு வருகிறான். அவன் நடந்து வருகிற பத்திகளில் எனக்கு நிலா தேவைப்பட்டது. குளத்துத் தண்ணீரில் முழு நிலாவை மிதக்கவிட்டேன். அந்தப் பத்திகளை எழுதிய காலையில் நான் என்னை ஒரு பெரிய ஆளாகவே நினைத்துக்கொண்டேன்.

கதை அச்சில் வந்த அன்று மனைவி சமையலறையில் நின்றபடியே வாசித்து முடித்தாள்.

"நிலா முழுசா இருந்துச்சுங்களா?"

"ஆமா. ஏன்?"

"முழு நிலான்னா அன்னைக்குப் போயா. கண்டியில எந்தக் கடையில எறைச்சி வாங்கினாரு உங்க ஆளு?"

பௌர்ணமிக்கு வரும் பௌத்தர்களின் போயா நாளில் இறைச்சிக்கடை பூட்டியிருக்கும் என்பது இந்த ஊரில் நடை பழகிய குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பேனாவைக் கையில் எடுத்ததும் எப்படி மறந்துபோனது என்பதுதான் தெரியவில்லை. ஒருவரும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதவில்லை. ஒருவேளை யாரும் வாசிக்காமலேயே இருந்திருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். கதையில் வருகிறவரின் பெயரை மாற்றலாம், தொழிலை மாற்றலாம், ஆணைப் பெண்ணாக்கலாம், வீட்டை வேறு தெருவுக்குக் கொண்டுபோகலாம். நடந்த தேதியையும் அன்றைய வானத்தையும் மட்டும் தொடுவதில்லை. கதை ஒன்று மனதில் வந்ததும் நான் செய்கிற முதல் வேலை கட்டிலுக்கு அடியில் குனிவதுதான். உரிய கட்டத்தைக் கண்டுபிடித்து, அதில் உள்ள இரண்டு வரியை ஒரு தாளின் தலையில் எழுதிய பிறகே கதை தொடங்கும்.

மற்றப் பழக்கங்கள் சாதாரணமானவை. அதிகாலையில், வீட்டில் தேத்தண்ணி கொதிக்கும் நேரத்தில் எழுதுவேன். வசனங்களை பஸ்ஸில் செய்வேன், ஆனால் பஸ்ஸில் எழுத மாட்டேன். இறங்கும்போது நினைவில் நிற்கிற வசனம் நல்லது, மறந்தது மறக்கவேண்டியது என்று விட்டுவிடுவேன். நிறைய வாசிப்பேன். ஒரு கதையை எழுதிக்கொண்டிருக்கும்போது மட்டும் இன்னொருவருடைய கதையை வாசிப்பதில்லை, அவருடைய நடை என் கையில் ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் பிரயாண நூல்கள், சமையல் குறிப்புகள், பழைய சட்டப் புத்தகம் என்று ஏதாவது வாசிப்பேன்.

எழுதி முடித்ததை ஒருவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் அக்குறணைக் கடைத்தெருவில் பிளாஸ்டிக் வாளி, பேசின், சமையல் சாமான் விற்கிறவர். என்னிலும் மூத்தவர். தெருவில் பலரும் கூப்பிடுவதுபோல நானும் அவரை அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்றுதான் கூப்பிடுவேன். முதல் முறை வாளி வாங்கப் போனபோது அவர் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கத முடியல்ல. பேஜ் முடிஞ்சிரிச்சி, அவ்வளவுதான்."

நான் எட்டிப் பார்த்தேன். என் கதை. கையில் ஒரு பச்சை வாளியை வைத்துக்கொண்டு அதை ஒப்புக்கொள்வது கூச்சமாக இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "அப்ப ஒக்காருங்க மாஸ்டர். மிச்சத்தச் செல்லுங்க."

நான் மாஸ்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எழுதுகிறவர்கள் எல்லாரும் அவருக்கு மாஸ்டர்தான். அன்றிலிருந்து கதை முடிந்தால் சனிக்கிழமை பின்னேரம் அக்குறணை வழியாகப் போகும் மாத்தளை பஸ்ஸில் ஏறிவிடுவேன். அவர் மூடிகளைப் பெட்டிகளோடு பொருத்திக்கொண்டோ, பேசின்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டோ கேட்பார். நான் தாளைப் பார்த்து வாசித்தாலும் கண் அவர் கையில் இருக்கும். கை நிற்கிற இடம் கதை பிடித்த இடம். ஒரு முறை மிக நீண்ட நேரம் நின்றது. நான் குரலைத் தணித்து, உருக்கமாக வாசித்து முடித்தேன். அவர் பேசினைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "வெடிச்சிரிக்கி, பாத்தீங்களா? இந்த லோட்ல இது ரெண்டாவது," என்றார்.

அக்குறணை, ஓயா என்கிற சிற்றாற்றின் ஓரத்துச் சந்தை. மலையில் கடும் மழை என்றால் ஓயா தெருவுக்கு வரும். அதற்கென்று தெருவில் ஒரு வழக்கம் இருக்கிறது. தண்ணீர் ஏறுகிறது என்ற செய்தி வந்ததும் அவரவர் கீழ்த்தட்டுச் சாமானை மேல் மாடிக்குத் தூக்குவார்கள். தன்னுடையது முடிந்தவன் பக்கத்துக் கடைக்குப் போவான். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசல் படியிறங்கும்போது ஓயா தெருவில் நின்றது. அன்று நானா கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார். கடை அவருடைய தம்பியின் பொறுப்பில் இருந்தது. தெரு முழுக்க அவரவர் சாமான்களைத் தூக்கியது, பக்கத்துக் கடைக்குப் போக ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. நானாவின் கடையில் மட்டும் ஒரு சாமானும் தூக்கப்படவில்லை. இரவு அவர் வந்து சேர்ந்தபோது வாளிகள் ஓயாவோடு போயிருந்தன. தெருவில் எல்லாருக்கும் முன்னால் தம்பியை ஒரு வார்த்தை பேசிவிட்டார். என்ன வார்த்தை என்று என்னிடம் சொல்லவில்லை. தம்பி மறுநாள் மாத்தளைக்குப் போய் வேறொருவர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வருடக்கணக்காக இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. போன நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்புதான், தாய் படுக்கையில் விழுந்ததைச் சாக்காக வைத்துத் திரும்பி வந்தார். பழையபடி கடையில் நின்றார். அண்ணனும் தம்பியும் சாமான் விலையை மட்டும் பேசிக்கொள்வார்கள்.

இவ்வளவையும் நானா எனக்குத் துண்டு துண்டாகச் சொல்லியிருந்தார். நான் அதைக் கதையாக எழுதினேன். பிளாஸ்டிக் கடையைத் துணி விற்கும் பிடவைக்கடை ஆக்கினேன். அண்ணனுக்கு ஊன்றுகோல் கொடுத்தேன். ஊர்ப் பெயரைப் போடவே இல்லை. என் கலண்டரில் அந்த வெள்ளிக்கிழமைக் கட்டத்தைத் தேடி எடுத்தேன். "காலையில் வெயில். பகல் கடும் மழை. அலுவலகத்தில் கரண்ட் இல்லை. நாளை போயா." அதையெல்லாம் அப்படியே கதையில் வைத்தேன். எழுதியதில் அது நல்ல கதை என்று எனக்குத் தெரிந்தது.

வாசிக்கப் போன சனிக்கிழமை தம்பி தாய்க்கு மருந்து எடுக்கக் கண்டிக்குப் போயிருந்தார். முதல் பக்கத்திலேயே நானாவின் கை நின்றது. பிறகு அசையவே இல்லை. நான் வாசித்து முடித்துத் தாள்களை அடுக்கினேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாரிக்கி," என்றார். "இத அனுப்ப வாணாம்."

"ஏன் நானா? பிடவைக்கடைன்னுதானே போட்டிருக்கேன். ஊரு பேரு கூட இல்ல."

"மாஸ்டர், இந்தத் தெருவுல வருஷத்தக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியா. வெள்ளத்தக் கேட்டா பச்சப் புள்ளயும் செல்லும். ஜும்ஆ முடிய வந்த வெள்ளம் ஒண்டுதான். அதுல சாமான் தூக்காத கட ஒண்டுதான். பிடவய வித்தா என்ன, பீங்கான வித்தா என்ன?"

எல்லாவற்றையும் மாற்றி, எதை வைத்து இந்தத் தெரு ஒருவரை அடையாளம் காணுமோ அதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன்.

"அவன் வந்து இன்னம் ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் எங்களோட கழியல்ல," என்றார் நானா. "ஆக்கள் திரும்ப அதப் பேசத் தொடங்கினா போயிருவான். இந்த முற போனா வர மாட்டான். உம்மா இரிக்கிற வர இரிப்பான் எண்டுதான் நான் பாத்துக்கிட்டிரிக்கிறேன்." பிறகு, "நாள மாத்தி எழுதுங்களேன்," என்றார்.

"அது மட்டும் நான் மாத்துறதில்ல நானா."

"ஏன், கலண்டர் அடிச்சவன் கோவிச்சிக்குவானா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது கோபம் எனக்குத்தான் வந்தது. உண்மைக்கு விசுவாசமாக இரு என்று நான் வாசித்த எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அக்குறணையில் நண்பர் இருந்ததாகத் தெரியவில்லை. நான் கதையை அனுப்பியிருந்தால் நானா தடுத்திருக்க மாட்டார். கேட்டார், அவ்வளவுதான். ஒரு பக்கம், ஒரு மனிதனின் தம்பி வீட்டில் இருப்பது. மறுபக்கம், ஞாயிறு வந்து திங்கள் அலுமாரித் தட்டில் விரிக்கப்படும் ஒரு தாள். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கோபம் அதனால்தான்.

முதலில் வெள்ளிக்கிழமையைச் செவ்வாய்க்கிழமை ஆக்கினேன். உடனே கதை கழன்று விழுந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் ஆண்கள் பள்ளிவாசலில் இருக்க மாட்டார்கள், கடைகள் திறந்திருக்கும், தண்ணீர் வருவதை எல்லாரும் முன்பே பார்ப்பார்கள். பிறகு வெள்ளத்தைத் தீயாக்கினேன். தீயில் வாளிகள் மிதந்து போகாது, கதையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். பல காலைகள் தேத்தண்ணி ஆறிப்போனது.

கடைசியில் கதையை மலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மனைவியின் அக்கா ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். பஸ் வளைந்து வளைந்து ஏறுகிற பாதையில், ஒரு திருப்பத்தில், மேல் மலையிலிருந்து மழைநீரைக் கொண்டுவரும் கான் உடைந்து தண்ணீர் தார் ரோட்டைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு சின்னக் கடை. மாவு மூட்டைகளும் சீனி மூட்டைகளும் பலகைகளின் மேல் உயரத்தில் அடுக்கியிருந்தன. அந்தக் கடையைப் பார்த்ததும், இந்தக் கான் ஒரு நாள் முழுதாக உடையட்டும், முதலாளி கண்டிக்குச் சாமான் எடுக்கப் போயிருக்கட்டும் என்று நினைத்தேன். பஸ்ஸிலேயே மனைவிக்குச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் சரிங்க. அந்தத் தம்பிக்காரரு அந்நேரம் எங்க இருந்தாரு?"

"எங்கன்னா?"

"கடையில இருந்தா தூக்கியிருப்பாருல்ல. மூட்ட நனையிறதப் பாத்துட்டு யாரு சும்மா இருப்பா? பழைய கதையிலயும் நீங்க அத எழுதல. வெள்ளிக்கெழம, மழை, கரண்ட் இல்ல, மறுநா போயான்னு எழுதினீங்க. அந்த மனுசன் எங்கன்னு எழுதல."

அவள் சொன்னது சரி. நானாவும் அதை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவ்வளவு நிறைவாக இருந்ததால், அதற்குள் ஒரு மனிதன் இல்லாமல் இருப்பது என் கண்ணில் படவே இல்லை. அன்று நான் அக்குறணையில் இருக்கவும் இல்லை. கண்டியில், கரண்ட் இல்லாத அலுவலகத்தில், ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கட்டத்தில் மழை சரியாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு எல்லாம் தெரிந்தவன்போல எழுதியிருந்தேன்.

அதன் பிறகு கட்டிலுக்கு அடியில் குனியாமல் ஒரு கதை எழுதினேன். தாளின் தலையில் எதுவும் இல்லாமல் தொடங்குவது பழக்கமில்லாத வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடுவதுபோல இருந்தது. மலையில் பெய்யும் மழை எந்த மாதத்து மழை என்று எனக்கே தெரியாது. மூன்று காலைகளாகத் தம்பியை அங்கும் இங்கும் நிறுத்திப் பார்த்தேன். தூங்கவிட்டேன், அது பொய்யாக இருந்தது. சீட்டு விளையாடவிட்டேன், அது கேவலமாக இருந்தது. ஒரு நாள் அவன் தானாகவே பக்கத்து வீட்டுக்குள் போனான். அங்கே புருஷன் இல்லாத ஒரு பெண், கோழிக்கூட்டையும் தையல் மெஷினையும் தனியாகத் தூக்க முடியாமல் நின்றாள். நம் கடைக்குத் தண்ணீர் வர இன்னும் நேரம் இருக்கிறது என்று அவன் கணக்குப் போட்டான். தண்ணீர் வேறு கணக்குப் போட்டது. அண்ணன் வந்து பேசிய பேச்சில், காரணத்தைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அக்குறணைக்குப் போனேன். தம்பி மாடியில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். நானா என்னைக் கடையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மெல்லிய குரலில் வாசித்தேன். தையல் மெஷினைத் தூக்குகிற இடத்தில் அவர் கையில் ஒரு டிபன் பெட்டியின் மூடி இருந்தது. அது பெட்டிக்கும் மடிக்கும் நடுவில் நின்றது. நான் வெடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். நல்ல மூடிதான்.

"இத ஆர் செல்லின ஒங்களுக்கு?"

"யாரும் சொல்லல நானா. நானா யோசிச்சதுதான்... நானே யோசிச்சது." பதற்றத்தில் எனக்கு வாய் குழறியது.

"அவன் செல்லினானா?"

"அவரோட நான் அதப் பத்திப் பேசினதே இல்ல. கதைக்கு ஒரு காரணம் வேணும்னு வச்சேன்."

அவர் மூடியைப் பெட்டியின் மேல் வைத்து நான்கு பக்கமும் அழுத்தினார். "ஒரு காரணம் இரிக்கும் எண்டு நான் நெனக்கவே இல்ல மாஸ்டர்," என்றார். "இத்தன வருஷமா நான் அவன்ட்ட கேக்கவே இல்ல. ஏசினேன். கேக்கல்ல."

அன்று தேத்தண்ணி குடிக்காமல் திரும்பினேன். அவர் கொடுக்க மறந்தார், நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த வாரம் முழுவதும் எனக்கு எழுத ஓடவில்லை. நான் வைத்த காரணம் உண்மைக்கு அழகானது. உண்மைக் காரணம் அசிங்கமாக இருந்தால்? சும்மா இருந்த அண்ணனைப் போய்க் கேட்கவைத்து, அந்தப் பதிலால் தம்பி மறுபடி மாத்தளைக்குப் பஸ் ஏறினால்? வெள்ளிக்கிழமையை மாற்றித் தந்து நண்பரைக் காப்பாற்றினேன் என்று நான் நினைத்திருந்தது அதைவிடப் பெரிய கெடுதலாக முடியலாம். "போயித்தான் பாருங்களேன்," என்றாள் மனைவி. "எப்படியும் வீட்டுக்கு ஒரு வாளி வேணும்."

சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கடையைப் பார்த்தேன். தம்பி முன்னால் நின்று ஒரு பெண்ணுக்கு பேசின் காட்டிக்கொண்டிருந்தார். அவர் போகவில்லை. நானா பின்னால் வழக்கமான ஸ்டூலில் இருந்தார்.

"கேட்டேன்," என்றார்.

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"நீங்க எழுதினது இல்ல. கிட்டவும் இல்ல."

"அப்ப என்ன நானா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அதச் செல்ல மாட்டேன். செல்லினா எழுதிருவீங்க."

"எழுத மாட்டேன்."

"நீங்க எழுத மாட்டீங்க. ஒங்கட பென்சில் எழுதிரும்."

தம்பி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அண்ணனுக்கு ஒரு கோப்பை, எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மூன்றாவது கோப்பையோடு அவர் அங்கே உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"புதுக் கதையா?" என்று என்னைக் கேட்டார்.

"அது மலையில நடக்கிற கத," என்றார் நானா. "கான் ஒடஞ்சி கடைக்குள்ள தண்ணி வார கத. ஒனக்கு வெளங்கா."

"மலையில ஏது நானா வெள்ளம்? அங்க பெய்யிறதெல்லாம் எங்களுக்குத்தானே வார."

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். தம்பி என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

மலைக்கதையை ஒரு வசனமும் மாற்றாமல் பத்திரிகைக்கு அனுப்பினேன். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து கலண்டரின் முன்னால் பென்சிலோடு நின்றபோது, நடந்ததில் எதை எழுதுவது என்று யோசித்தேன். எழுதக் கூடாதென்று சத்தியம் ஒன்றும் இல்லை, எழுத என்னிடம் எதுவும் இல்லை. "நாள் முழுக்க வெயில். ஒரு வாளி வாங்கினேன்," என்று போட்டேன்.